புள்ளியை விழுங்கும் எழுத்துக்கோலம்

சாத்தூரை அடுத்த அச்சங்குளம், 2021 பிப்பிரவரியில் வெடியாலை வெடித்துப் பலர் மாண்டபோதுதான் நாடறிந்த ஊராயிற்று. அத்தகைய ஊர்களில் தமிழ்க்கைகள் மருந்து திணித்துச் செய்யும் வெடிகளின் பெட்டிகளைக் காண்க. சிவகாசியில் அச்சாகும் அம்மேலட்டைகளில் ஆங்கிலப் பெயரே பெரும்பாலும் துள்ளி நிற்கும்; தமிழ் இருப்பின் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். வெடிக்குச் சிதறிய கூர்முனை எழுத்து. மத்தாப்புக்கு வளைந்து மினுக்கும் எழுத்து. படிக்குமுன்னரே எழுத்தின் உருவம் சரக்கின் இயல்பைச் சொல்லிவிடுகிறது.

இம்முறையை மேலை இசைக்குழுவினர் ஒரு கலையாகவே வளர்த்துள்ளனர். 1966-இல் சான்பிரான்சிசுகோவில் வெசு வில்சன் என்பார் இசைநிகழ்ச்சிச் சுவரொட்டிகளில் எழுத்துகளை உருகி வழியும் தழல்போல் நெளியவிட்டார். அவ்வடிவிற்கு முன்மாதிரி, வியன்னா ஓவியர் ஆல்பிரடு ரோலரின் எழுத்து. மயக்கந்தரும் இசைக்கு மயங்கிய எழுத்து! 'மெட்டல்' எனும் வல்லிசையாளரோ வாள்முனையும் செருமானியப் பழவெழுத்தும் கொண்டனர். அவ்விசையின் கடுங்கிளையாரின் பெயர்கள் முட்புதர்போல் பின்னிக் கிடப்பதால், அடியாரன்றிப் பிறர் படித்தல் அரிது.

இலண்டனில் 1975-இல் தோன்றிய 'மோட்டர்கெட்' குழு, தன் பெயரின் ஓர் உயிரெழுத்தின்மேல் இரு புள்ளிகளை இட்டது. செருமானியத்தில் அப்புள்ளிகள் ஒலியை மாற்றும். இங்கோ முரட்டுத் தோற்றத்திற்கே அவை இடப்பட்டன. ஒலியற்ற புள்ளி அவர்கட்கு அணி.

தமிழர்க்குப் புள்ளி அணியன்று, ஒலியே அது. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. இதனை மறந்து, மேலைக் குழுக்களின் முட்களைத் தமிழெழுத்தில் ஒட்டவைத்து, இடையூறென்று புள்ளியைக் களைந்துவிடின், 'இடிமுழக்கம்' 'இடிமுழககம' ஆகும். ஓலை கிழியும் என்றஞ்சி முன்னோரும் புள்ளியை விடுத்ததுண்டே எனலாம். அவர்க்கு ஓலை, இன்றுள்ளோர்க்கு என்ன தடை?

இதனினும் பெரிய குறை, பெயரே தமிழில் இல்லாமை. 2018-இல் சென்னையில் அரங்கேறிய 'காசுட்லெசு கலெக்டிவ்' குழு கானாவையும் பறையையும் சொல்லிசையையும் ஒருமேடையில் இணைத்தது, பாராட்டத்தக்க பணி. அப்பெயரின் வேரோ அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதிபேதமற்ற தமிழர்' என்னும் தொடர். வேர் தமிழாயிருக்க முகப்பு ஆங்கிலமாவானேன்?

வடிவத்திற்குத் தமிழன் கடன்பட வேண்டுவதில்லை. மதுரைக்கு அணித்தான மாங்குளத்துப் பாறையில் உளிவெட்டாய் நிற்கும் தமிழி எழுத்தின் நேர்கோடுகள் பறையின் அடிக்கு எத்துணைப் பொருந்தும்! பாண்டிநாட்டில் வழங்கிய வட்டெழுத்தின் சுழிகளோ தாலாட்டுக்கும் நாகசுரத்திற்கும் இசைவன. கூர் நீட்டுக, வளைக்க, தடிப்பிக்க. புள்ளியையும் நெடிலின் காலையும் மட்டும் தொடற்க. வெடிப்பெட்டிக்கு ஆங்கிலச் சிதறலெழுத்து வரையும் சிவகாசி ஓவியரிடம் இப்பணியை ஒப்படைக்க, தமிழ்ப்பெயர் சூடிய ஒரு குழு முன்வரட்டும்.