பஞ்சபூதமும் அல்ல, மருந்துக்குப் பகையும் அல்ல

சீன அக்குபங்சர் ஆன்மிக வைத்தியமாம். அதன் ஐந்து மூலகங்கள் நம் பஞ்சபூதங்கள்தானாம். நம்பி ஊசி போட்டால் மாத்திரையைத் தூக்கி எறியலாமாம். புணே அருகிலுள்ள சாகண் தொழிற்பேட்டைத் தமிழர்களிடம் ஒரு நண்பர் இப்படிப் பேசிவருகிறார். மூன்றும் தவறு.

நம் ஐந்தில் காற்றும் ஆகாயமும் உண்டு. சீனரின் ஐந்தில் அவை இல்லை. மரமும் உலோகமும் இருக்கின்றன. சீனரின் ஐந்தும் மாற்றத்தின் கட்டங்கள். மரம் எரிந்து நெருப்பு, சாம்பல் படிந்து மண், மண்ணுக்குள் உலோகம், உலோகத்திலிருந்து நீர், நீர் குடித்து மறுபடி மரம். கல்லீரலை மரத்தோடும் வசந்தத்தோடும் சேர்த்துப் பார்ப்பது இந்தக் கணக்கில்தான். ஈராயிரம் ஆண்டுப் பழைய ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ என்ற சீன மருத்துவ நூல் நோய்க்குக் காரணத்தைப் பருவத்திலும் உணவிலும் உணர்ச்சியிலும் தேடுகிறது. பேய் பிசாசுகளை ஒதுக்குகிறது. ஊசியோடு கஷாயமும் கொடுப்பதே அந்த மரபு. மருந்தே கூடாது என்பது நம்மூர்ச் சரக்கு.

அக்குபங்சர் இந்தியாவுக்கு வந்த வழியையும் பாருங்கள். இதே மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் பிறந்த டாக்டர் கோட்னிஸ் 1938இல் சீனா போன இந்திய மருத்துவக் குழுவில் இருந்தவர். அதே குழுவின் பிஜய் குமார் பாசுதான் பின்னாளில் அக்குபங்சர் கற்றுவந்து கொல்கத்தாவில் பரப்பினார். அந்தப் பாசுவே முறையாகப் படித்த அலோபதி மருத்துவர்தான்.

ஷிப்டு முடிந்து முதுகு பிடித்தவர் ஊசி போட்டுக்கொள்ளட்டும், தடையில்லை. ஆனால் முதல் வகைச் சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. நண்பரே, நிறுத்தச் சொல்லாதீர்கள்.