இடுப்பை அளக்கிறார்கள், தூசியை யார் அளப்பது?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளில் உங்கள் கைக்கு ஒரு ஃபார்ம் வரலாம். வயசு என்ன, இடுப்பு எத்தனை சென்டிமீட்டர், சிகரெட் பழக்கம் உண்டா, அப்பா அம்மாவுக்கு சுகர் இருக்கா? இதற்கு ‘ஹெல்த் ரிஸ்க் அசெஸ்மென்ட்’ என்று பெயர். நிரப்புங்கள், தப்பில்லை. ஆனால் அதில் என்ன கேட்கவில்லை என்பதையும் ஒரு தடவை பாருங்கள்.

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். நாலே விஷயம்தான்: வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு. மொத்தம் 100 மார்க். 60-ம் அதற்கு மேலும் என்றால் அபாயம் அதிகம். யாருக்கு முதலில் ரத்தப் பரிசோதனை தேவை என்று செலவில்லாமல் சொல்லிவிடும். நல்ல கருவி.

இப்போ அதை வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுக்குக் கொண்டு போங்கள். 21 வயசு, ஒல்லியான உடம்பு, ஷிஃப்ட் முழுக்க கடும் உழைப்பு, வீட்டில் யாருக்கும் சுகர் இல்லை. மார்க் பூஜ்யம்! ஆனால் அந்தத் தொழிலாளி சுவாசிக்கும் பஞ்சுத் தூசி அந்த நாலு கேள்வியில் எங்கேயுமே இல்லை. கருவியைக் குறை சொல்ல முடியாது, அது சுகருக்காகச் செய்தது. அதை மட்டும் வைத்து ‘தொழிலாளர் நலம் பார்த்தாச்சு’ என்று ஃபைலை மூடுவதுதான் தப்பு.

பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். வார லீவு முடிந்து வேலைக்கு வரும் முதல் நாள் நெஞ்சு இறுகுவது அதன் ஆரம்ப அடையாளம். சட்டப்படி, இது வந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அப்படியென்றால் மில் ஃபார்மில் ஒரு வரி சேர்க்கலாமே: “லீவு முடிஞ்சு வர்ற அன்னைக்கு நெஞ்சு இறுக்கமா இருக்கா?”

இடுப்பு பெருத்தால் குறைக்க வேண்டியது தொழிலாளி. தூசி பெருத்தால் குறைக்க வேண்டியது நிர்வாகம். முதல் கேள்வியைக் கேட்பது சுலபம், இரண்டாவதுக்குச் செலவாகும்.

சரி, ஃபார்மும் அறிவுரையும் மட்டும் போதுமா? அமெரிக்காவில் ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்தின் சுமார் 33,000 ஊழியர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. வெல்னஸ் திட்டம் இருந்த கிளைகளில் ‘உடற்பயிற்சி செய்கிறேன்’ என்றவர்கள் கூடினார்கள். ஆனால் 18 மாதம் கழித்தும் ரத்த அழுத்தத்திலோ, மருத்துவச் செலவிலோ, லீவு எடுப்பதிலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. வேலை செய்யும் இடத்திலேயே பிபி, சுகர் பார்ப்பது பெரிய விஷயம். லீவு போட்டால் சம்பளம் போகும் என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்கள் நம் ஊரில் நிறைய. அதே வரிசையில் தூசியையும் நைட் ஷிஃப்டையும் பற்றிக் கேட்டால் இன்னும் நல்லது.

அதனால் உங்களிடம் ஃபார்ம் வரும்போது ரெண்டு கேள்வி திருப்பிக் கேளுங்கள். என் மார்க்கை யார் யார் பார்ப்பார்கள்? வேலையைப் பற்றிய கேள்வி ஏன் இல்லை?

நம்மில் சிலர் இதே மில்களுக்கு இன்ஜினியராகப் போகப் போகிறோம். தூசி உறிஞ்சும் மெஷின் ஒழுங்கா ஓடுதா என்று பார்ப்பது டாக்டர் வேலை இல்லை. அது நம்ம வேலை.