காந்திகிராமம் ஏற்க வேண்டிய பொறுப்பு

சீனத்தின் பெருமைக்குரிய பள்ளிகள் பல, பல்கலைக்கழகங்களின் பெயரைத் தாங்கி நிற்பவை. ஷாங்காயில் ஃபூதான் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த உயர்நிலைப் பள்ளி 1950இல் தோன்றியது. பீக்கிங் பல்கலைக்கழகம் 1960இல் தனக்கெனப் பள்ளி கண்டது. விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளைகளுக்கு நூலகமும் ஆய்வுக்கூடமும் அறிஞர் அண்மையும் பதினைந்து, பதினாறு அகவையிலேயே வாய்க்கின்றன. ஆயினும் அப்பள்ளிகளின் வாயிலில் கடுந்தேர்வு காத்திருக்கிறது. நகரத்து வசதியுடையோரே அதை எளிதில் கடக்கின்றனர். நாம் கற்க வேண்டியது அமைப்பை. அந்த வாயிற்காவலை அன்று.

அத்தகைய வளாகம் நமக்குப் புதியதும் அன்று. திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், சிறுமலையின் அடிவாரத்தில், சின்னாளபட்டியை ஒட்டி 1947இல் காந்திகிராமம் எழுந்தது. தொழிலதிபர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாகச் செல்வத்தில் பிறந்து, இளமையிலேயே முதல் கணவரை இழந்து, மருத்துவம் பயின்ற சௌந்தரம் அம்மையார், பின்னர் மணந்த ஜி. ராமச்சந்திரனுடன் இந்த வறண்ட நிலத்தைத் தேடி வந்தார். நகரத்தில் மருத்துவமனை நடத்திப் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அவர் நாடியது சிற்றூர் மக்களை. மருத்துவப் பணியும் கல்விப் பணியும் முதலில் வேரூன்றின. கிராமிய உயர்கல்விக்கென நடுவண் அரசு வகுத்த திட்டத்தின்கீழ் 1956இல் கிராமிய நிறுவனம் பிறந்தது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. சீனத்தில் பல்கலைக்கழகம் பள்ளியைப் பெற்றது. இங்கோ சிற்றூர்த் தொண்டிலிருந்தே பல்கலைக்கழகம் கிளைத்தது. இது நம் மண்ணுக்குரிய பெருமை.

இன்று பல்கலைக்கழகம் நடுவண் அரசின் நிதியில் இயங்குகிறது. அதன் அருகிலுள்ள தம்பித்தோட்டம் மேல்நிலைப் பள்ளியோ காந்திகிராம அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. அண்டை வீட்டார் உறவு மட்டும் போதாது. பள்ளியைப் பேணுவது பல்கலைக்கழகத்தின் கடமை என்று விதியிலேயே எழுதப்பட வேண்டும். அப்பள்ளி விடுதியோடு கூடிய உறைவிடப் பள்ளியாகவும் வேண்டும்.

விடுதி ஏன் வேண்டும் என்பார்க்கு நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களே விடை சொல்லும். அரும்பு மலர்வதற்குமுன் பறித்தாக வேண்டும். பொழுது ஏறினால் சந்தையில் விலை இறங்கிவிடும். வீட்டில் கைகொடுக்க இருப்பது பிள்ளைகள்தாம். இருள் பிரியுமுன் செடிகளிடையே குனிந்து நின்ற சிறுமி, ஈரப் பாவாடையோடு வீடு திரும்பி, அரைவயிற்றுக் கஞ்சியுடன் பேருந்துக்கு ஓடுகிறாள். இயற்பியல் வகுப்பில் அவள் கண் செருகினால் அது அவள் குற்றமாகுமா? சிறுமலைப் பிள்ளைக்குப் பதினெட்டுக் கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால்தான் திண்டுக்கல். அறிவில் இவர்கள் எவருக்கும் இளைத்தவர் அல்லர். இவர்களுக்கு இல்லாதது இரவில் ஒரு விளக்கும் பகலில் தடையற்ற நேரமும்.

தமிழ்நாடு அரசின் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகள் அரசுப் பள்ளி மாணவர்க்கு உயர்கல்விக் கதவுகளைத் திறந்துவருகின்றன, மனமாரப் போற்றுகிறோம். 1986இல் நடுவண் அரசு தொடங்கிய நவோதயா பள்ளிகளை இருமொழிக் கொள்கையின் பொருட்டுத் தமிழகம் ஏற்கவில்லை. அக்கொள்கை சரியானதே என்பது நம் உறுதியான கருத்து. ஆயின் கொள்கையைக் காத்தவர்கள், அப்பள்ளிகள் சிற்றூர்ப் பிள்ளைக்குத் தந்திருக்கக்கூடிய உறைவிடக் கல்வியைத் தாமே நிறைவாகத் தரவும் கடமைப்பட்டவர்கள்.

1937இல் வார்தாவில் வகுக்கப்பட்ட ஆதாரக் கல்வி, கைத்தொழிலையும் ஏட்டறிவையும் பிரிக்கக் கூடாது என்றது. அக்கொள்கையைச் செய்து காட்டக் காந்திகிராமத்தைவிடத் தக்க இடம் ஏது? வேளாண்மையும் கூட்டுறவும் ஊரக வளர்ச்சியும் பயிற்றும் வளாகம் அது. அங்குள்ள மாணவர்கள் ஊர்களுக்குச் சென்று தங்கி, மக்களோடு வாழ்ந்து பயில்வது நெடுங்கால மரபு. ஊருக்குத் தன் மாணவரை அனுப்பும் நிறுவனம், ஊர்ப்பிள்ளையைத் தன்னிடம் அழைத்து வளர்ப்பதே முறை.

இந்த உறைவிடப் பள்ளிக்குத் திண்டுக்கல் மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களிலிருந்தும் பிள்ளைகள் எடுக்கப்பட வேண்டும். ஒற்றைத் தேர்வின் மதிப்பெண் அளவுகோலாக வேண்டாம். குடும்பத்தின் நிலையும் ஆசிரியரின் சான்றும் எடைபோடப்படட்டும். சரிபாதி இடம் பெண்களுக்கு உரியதாகட்டும். பயிற்றுமொழி தமிழாகட்டும், ஆங்கிலம் செம்மையாகக் கற்பிக்கப்படட்டும்.

நடுவண் கல்வி அமைச்சகம், மாநில அரசு, பல்கலைக்கழகம், அறக்கட்டளை ஆகிய நால்வரும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டால் போதும். நிலம் உண்டு, பள்ளி உண்டு, பேராசிரியர் உண்டு. வரும் கல்வியாண்டுக்குள் அவர்கள் கூடி முடிவெடுக்க வேண்டும் எனத் திண்டுக்கல் மக்களின் பெயரால் கேட்டுக்கொள்கிறோம்.