ஓட்டு மனுசனுக்கா, வரி ரசீதுக்கா?



"கோடிக்கணக்கா வரி கட்டுறவனுக்கும் ஒரு ஓட்டு, மாடு மேய்க்கிறவனுக்கும் ஒரு ஓட்டா? படிச்சவனுக்கும் வரி கட்டுறவனுக்கும் கூடுதல் ஓட்டு கொடுத்தாத்தான் நாடு உருப்படும்" என்று சிலர் பேசுகிறார்கள்.

இது புதுப் பேச்சு இல்லை, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்! 1920-ல் சென்னை மாகாணத் தேர்தலில் சொத்தும் தீர்வையும் பார்த்துத்தான் ஓட்டுக் கொடுத்தான். 1935 சட்டத்தில் படிப்பையும் ஒரு தகுதியாகச் சேர்த்தான். அப்பவும் நம்ம பாட்டன் பாட்டிகளில் பெரும்பாலோர் வெளியேதான் நின்றார்கள். 1951 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் 100-க்கு 18 பேர்தான். ஆனாலும் 1951-52 தேர்தலில் 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு இருந்தது. சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். நாடு ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

நாம் வரி கட்டவில்லையா? டீசலில், உர மூட்டையில், சோப்புக் கட்டியில் தினமும் கட்டுகிறோம். ரசீதுதான் நம்ம பேருக்கு வருவதில்லை. அறிவு இல்லையா? எந்த வாய்க்காலை அடைத்தால் எந்த வயல் மூழ்கும் என்று யாருக்குத் தெரியும்? அதெல்லாம் கிடக்கட்டும். கிணத்துத் தண்ணி கெட்டால் அதைக் குடிக்கிறவன் யார்? அவனைக் கேட்காமல் யாரைக் கேட்பது? தேர்வாய் கண்டிகையில் மேய்க்கால் நிலம் சிப்காட்டுக்குப் போனபோது, போராடியது அந்த நிலத்தை நம்பி மாடு வளர்த்த ஜனங்கள்தானே!

கம்பெனியில் பங்குக்குத் தக்க ஓட்டு. கூட்டுறவுச் சங்கத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு. 1904-ல் நம்ம திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் வைத்து நாட்டுக்கே வழி காட்டிய மண் இது. ஊர் என்பது கம்பெனியா, சங்கமா?

2013 மத்திய நிலச் சட்டம், தனியார் கம்பெனிக்கு நிலம் எடுக்கப் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதத்தின் சம்மதம் கேட்கிறது. ஏக்கர் கணக்கு இல்லை, குடும்பக் கணக்கு! ஆனால் தொழிலுக்கு நிலம் எடுக்கும் தமிழ்நாட்டின் 1997 சட்டத்தில் அந்தச் சம்மதம் கிடையாது. 2019-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு அரசு புதுச் சட்டம் போட்டு அதற்கு உயிர் கொடுத்தது. 2021-ல் உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. தேர்தலில் ஓட்டு இருக்கு. நிலம் போகும்போது நம்ம வாய்க்கு மதிப்பு இல்லை!

ஒரு உண்மையை நாமும் ஒத்துக்கொள்ளணும். நம்ம கூட்டத்திலேயே பத்து ஏக்கர்காரர் பேசினால் கேட்கிறோம். நிலமில்லாத கூலிக்காரரும் பெண்களும் வாய் திறந்தால் உட்காரச் சொல்கிறோம். அப்புறம் கம்பெனிக்காரன் நம்மை மதிக்கலைன்னு எந்த முகத்தோடு கேட்பது?

கிராம சபைக்கு வாருங்கள்! குடும்பத்தோடு வாருங்கள்! நிலம் உள்ளவரும் இல்லாதவரும் பேசுங்கள்! குடும்பங்களின் சம்மதம் இல்லாமல் ஒரு சென்ட் நிலமும் எடுக்கக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள்! எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்து, கைநாட்டு வையுங்கள்!

கைநாட்டும் கையெழுத்தும் ஒண்ணுதான்!
ஆளுக்கு ஒரு ஓட்டு! ஊருக்கு ஒரு குரல்!