கேட்க ஒரு ஆள்!

காலை நேரத்து கும்மிடிப்பூண்டி லோக்கல். சிப்காட் ஷிப்டுக்குப் போகிற கூட்டம். மீஞ்சூர் தாண்டியதும், மேலே ஒரு சாப்பாட்டுப் பை கண்ணில் பட்டது.

"யாருதுப்பா இது, அனாதையா கிடக்கு?" என்று குரல் கொடுத்தார் ஒரு பெரியவர். 'பாம்' பயத்தில் இரண்டு பேர் நைசாக எழுந்து நகர்ந்தார்கள். (நமக்கு சீட் கிடைத்தது!)

தூங்கிக்கொண்டிருந்த ஒரு பையன் கண் விழித்தான். "என்னுதுதான் சார். பை அனாதை இல்ல... நான்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அப்புறம்தான் உறைத்தது.

அப்பா, அம்மா இல்லையாம். இல்லத்தில் வளர்ந்து, ஐ.டி.ஐ. முடித்து, இப்போது கான்ட்ராக்ட் வேலை. "மத்தவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுவேன் சார். வலிக்காது" என்றான்.

வடமொழியில் 'நாதன்' என்றால் காப்பவன். ரங்கநாதன், விஸ்வநாதன் எல்லாம் அந்த வம்சம்தான். நாதன் இல்லாதவர் அநாதர்; அதுதான் நம் 'அனாதை'. வார்த்தைக்குள் அப்பா, அம்மா பேச்சே கிடையாது! 'கேட்க நாதியில்லை' என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த அர்த்தம்தான்.

2015-ம் வருஷத்து சிறார் நீதிச் சட்டத்திலும், காப்பாளர் இருந்தும் அவருக்குப் பார்த்துக்கொள்ள மனசில்லை அல்லது முடியவில்லை என்றால், அந்தக் குழந்தையும் அனாதைதான். ஆனால் 18 வயது முடிந்தால் சட்டப்படி குழந்தையே இல்லை. ஆக, நம்ம பையன் 'ரிடையர்டு' அனாதை! ஊர் வாய்க்கு ஏது ரிடையர்மென்ட்?

'அநாத்' வேண்டாம், 'ஸ்வநாத்' (தனக்குத் தானே நாதன்) என்று மாற்றுங்கள் என 2022-ல் பம்பாய் ஐகோர்ட்டில் ஒரு பொதுநல வழக்கு வந்தது. அந்த வார்த்தையில் களங்கம் ஏதுமில்லை என்று கோர்ட் தள்ளுபடி செய்துவிட்டது. வார்த்தையில் இல்லைதான். வாடகைக்கு வீடு கேட்கும்போதும், பெண் கேட்கும்போதும் எதிரே இருப்பவர் முகத்தில் அல்லவா இருக்கிறது!

கும்மிடிப்பூண்டி வந்தது. இறங்கின அவசரத்தில் பையன் பையை மறந்தே போனான். அந்தப் பெரியவர்தான் அதைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் மூச்சிரைக்க ஓடினார்.

"டேய் தம்பி! சோத்தை விட்டுட்டுப் போறியே, மத்தியானம் என்னடா திம்பே?"

பையன் திரும்பினான். இந்தத் தடவை ஜோக் எதுவும் அடிக்கவில்லை.