மலைக்குப் போங்கள், விருந்தாளியாகப் போங்கள்!

கோடை விடுமுறை வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "இந்த ஆண்டு எங்கே போகலாம்?"

பிள்ளைகள் "கொடைக்கானல்" என்பார்கள். அப்பா செலவுக் கணக்குப் போடுவார். அம்மா புளியோதரை கட்டுவார். குடும்பம் புறப்படும். மேலே போய்ப் பார்த்தால், நமக்கு முன்னால் ஊரே வந்து நிற்கும்!

மலைப்பாதையில் கார் வரிசை. ஏரிக்கரையில் தள்ளுமுள்ளு. படகுக்குக் காத்திருக்க வேண்டும். ஓட்டலில் இடம் கிடைக்காது. குளிர் காற்று வாங்கப் போனவர்கள், பஸ் புகையை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

இது மிகைப்படுத்திச் சொல்வது அல்ல. கூட்டத்தைத் தாங்க முடியாமல், சென்னை ஐகோர்ட்டே தலையிட்டது. 2024-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி முதல், கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு "இ-பாஸ்" என்னும் அனுமதிச் சீட்டு வந்தது. 2025-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் ஒரு கணக்கும் வந்தது. கொடைக்கானலுக்குச் சாதாரண நாளில் 4 ஆயிரம் வண்டிகள். வார இறுதியில் 6 ஆயிரம் வண்டிகள். அதற்கு மேல் கூடாது என்று கோர்ட்டு சொன்னது.

ஒரு மலைக்கு எத்தனை வண்டி போகலாம் என்று நீதிபதிகள் எண்ணிச் சொல்லவேண்டிய காலம் வந்துவிட்டது!

ஆகவே, "கூட்டம் இல்லாத மலை ஊர் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று பலரும் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர்கள் இருக்கின்றன. கொடைக்கானலுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால், அங்கே எப்படிப் போவது என்பதைவிட, எப்படி நடந்துகொள்வது என்பதுதான் முக்கியம்.

பூம்பாறை

கொடைக்கானலில் இருந்து மேற்கே ஒரு ரோடு போகிறது. சுமார் 20 கிலோ மீட்டர் போனால், ஒரு வளைவில் திடீர் என்று பள்ளத்தாக்கு திறக்கிறது. கீழே ஓர் ஊர். நெருக்கமாகக் கட்டிய வீடுகள். ஊரைச் சுற்றிப் படிக்கட்டுப் படிக்கட்டாக வயல்கள். அதுதான் பூம்பாறை.

சுற்றுலா வண்டிகள் அந்த வளைவில் நிற்கின்றன. எல்லாரும் இறங்குகிறார்கள். படம் எடுக்கிறார்கள். பத்து நிமிடத்தில் ஏறிப் போய்விடுகிறார்கள். ஊருக்குள் இறங்கி நடப்பவர்கள் மிகக் குறைவு.

இறங்கித்தான் பாருங்களேன்!

ஊர் நடுவே குழந்தை வேலப்பர் கோவில் இருக்கிறது. குழந்தை வடிவில் முருகன். பழனி மலைச் சிலையைச் செய்த போகர் சித்தரே இந்தச் சிலையையும் செய்தார் என்பது மக்களின் நம்பிக்கை.

கோவிலைச் சுற்றித் தெருக்கள். தெருவை விட்டு இறங்கினால் வயல். உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாகப் பூண்டு!

இந்த மலைப் பூண்டுக்குக் காரம் அதிகம். மணமும் அதிகம். அறுத்த பூண்டைக் கட்டுக் கட்டாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். கீழே புகை போடுவார்கள். புகை ஏறிய பூண்டு மாதக் கணக்கில் கெடாது. பெரியகுளத்தை அடுத்த வடுகப்பட்டிச் சந்தைக்குப் போய், அங்கிருந்து பல ஊர்களுக்கும் போகும். 2019-ம் ஆண்டில் "கொடைக்கானல் மலைப் பூண்டு" என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பூண்டை அந்தப் பெயரில் விற்கக்கூடாது என்பது அதன் பொருள்.

நாம் ரசத்தில் தட்டிப் போடும் ஒரு பூண்டுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு என்பதை, அந்தப் படிக்கட்டு வயலில் நின்று பார்த்தால் தெரியும். சரிவான நிலம். விளைந்ததைத் தலையிலோ குதிரை மேலோ ஏற்றித்தான் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இரவில் காட்டு மாடு வரும். காட்டுப் பன்றி வரும். காவல் இருக்க வேண்டும்.

இன்னும் உள்ளே

பூம்பாறையோடு மலை முடிந்துவிடவில்லை. அதே பக்கம் மேலும் போனால் மன்னவனூர். பச்சைப் புல்வெளியும் ஏரியும் உள்ள ஊர். மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை அங்கே இருக்கிறது. கம்பளி தரும் ஆடுகளையும், முயல்களையும் வளர்த்து ஆராய்ச்சி செய்கிறார்கள்.

அந்தப் பக்கத்திலேயே கூக்கால், கவுஞ்சி, பூண்டி என்று ஊர்கள். கடைசியில் கிளாவரை. அதற்கு அப்பால் காடு. காட்டைத் தாண்டினால் கேரளம். ரோடு முடியும் இடத்தில் ஓர் ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே போகலாம்.

கொடைக்கானல் பஸ் நிலையத்தில் இருந்து இந்த ஊர்களுக்கு அரசு பஸ் போகிறது. பஸ்ஸில் போனால் இ-பாஸ் தொல்லையும் இல்லை.

யார் கொடுக்கும் விலை?

இப்படிப்பட்ட ஊருக்குப் போய் வந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். "ஆகா, எவ்வளவு அமைதி! இந்த ஊர் இப்படியே இருக்க வேண்டும். பெரிய ரோடு வரக்கூடாது."

இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். கொடைக்கானல் மலையின் தெற்குச் சரிவில் வெள்ளகவி என்று ஓர் ஊர் இருக்கிறது. மிகப் பழைய ஊர். ஊருக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பது இல்லை. அத்தனை கோவில்கள் அங்கே! ஒரு காலத்தில், பெரியகுளம் பக்கத்தில் இருந்து கொடைக்கானலுக்கு ஏறிய பழைய பாதை இந்த ஊர் வழியாகத்தான் போனது. வெள்ளைக்காரத் துரைகளையும் துரைசாணிகளையும் நாற்காலியில் வைத்து ஆட்கள் தூக்கிப் போனார்கள்.

பிறகு வேறு பக்கமாக மோட்டார் ரோடு வந்தது. கொடைக்கானல் வளர்ந்தது. வெள்ளகவிக்கு மட்டும் நெடுங்காலம் ரோடு வரவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த மக்கள் நடந்தார்கள். அரிசியும் உப்பும் குதிரை மேல் வந்தன. யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்கள்.

நடைப் பயணமாகப் போனவர்களுக்கு வெள்ளகவி சொர்க்கமாக இருந்தது. வண்டிச் சத்தம் இல்லை. புகை இல்லை. ஆனால், பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை டோலியில் ஏற்றும்போது, அந்த அமைதி யாருக்கு வேண்டும்?

நாம் இரண்டு நாள் அனுபவிக்கும் அமைதிக்கு, அங்கே உள்ளவர்கள் ஆயுள் முழுவதும் விலை கொடுக்கவேண்டும் என்று சொல்வது நியாயம் அல்ல. பஸ் வேண்டும். ஆஸ்பத்திரி வேண்டும். பள்ளிக்கூடம் வேண்டும். நமக்கு வேண்டியது எல்லாம் அவர்களுக்கும் வேண்டும்.

"ரோடு வந்தால் கூட்டமும் வந்துவிடுமே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான்.

கூட்டம் செய்யும் வேலை

கொடைக்கானலே ஒரு காலத்தில் ஆள் அரவம் இல்லாத இடம்தான். 1845-ம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து, அங்கே இரண்டு பங்களா கட்டினார்கள். 1863-ம் ஆண்டில் லெவிஞ்சு என்ற மதுரைக் கலெக்டர் ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். அமைதியைத் தேடிப் போனவர்கள் கட்டிய ஊர் அது. இன்று அதன் கதி நமக்குத் தெரியும்.

இன்னொரு கதையும் உண்டு. கொடைக்கானல் காட்டுக்குள் ஒரு குகை. வெள்ளைக்காரர்கள் அதற்குப் "பிசாசின் சமையல் அறை" என்று பெயர் வைத்தார்கள். 1991-ம் ஆண்டில் "குணா" படம் அங்கே எடுக்கப்பட்டது. அன்று முதல் அது குணா குகை ஆயிற்று. 2024-ம் ஆண்டில் "மஞ்சும்மல் பாய்ஸ்" என்ற மலையாளப் படம் அதே குகையைக் காட்டியது. உடனே கூட்டம் அலை மோதியது!

ஒரு படம் போதும். ஒரு செல்போன் வீடியோ போதும். அமைதியான இடம் ஒரே மாதத்தில் சந்தைக்கடை ஆகிவிடும்.

பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் அந்த நாள் வரலாம். அப்படி வந்தால் என்ன ஆகும்? பூண்டு வயலுக்கு நல்ல விலை பேசுவார்கள். வயல் இருந்த இடத்தில் விடுதி எழும்பும். ஓடைத் தண்ணீர் விடுதிக் குளியல் அறைக்குப் போகும். நேற்று நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்தவர், இன்று அதே இடத்தில் காவல்காரராக நிற்பார். பணம் வரும், ஆனால் பெரும் பகுதி வெளியூர்க்காரர் பைக்குத்தான் போகும்.

ஆகவே குற்றம் ரோட்டின் மேல் இல்லை. ரோட்டில் வருகிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது. நிலத்தை விடுதியாக்க அதிகாரிகள் எவ்வளவு எளிதாக அனுமதி கொடுக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. வண்டிக்குக் கணக்கு வைத்தது போல, மலைக் கிராமங்களில் கட்டிடத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும். வயலை வயலாகவே வைத்திருக்கும் விவசாயிக்குச் சலுகை வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

அதெல்லாம் சர்க்கார் வேலை. நம் வேலையும் உண்டு. பெரிய வேலை அல்ல. உறவினர் வீட்டுக்குப் போனால் எப்படி நடப்போமோ, அப்படி நடந்தால் போதும்.

கூட்டமாகப் போகாதீர்கள். ஒரு குடும்பம் போதும். முடிந்தால் ஒரு நாள் ராத்திரி தங்குங்கள். ஊர்க்காரர் வீட்டில் தங்க இடம் கிடைத்தால், விடுதியைத் தேடாதீர்கள். ஊர்க் கடையில் தேநீர் குடியுங்கள். ஊரில் சமைத்ததைச் சாப்பிடுங்கள். பூண்டு வாங்கினால் விளைத்தவர் கையில் இருந்தே வாங்குங்கள். பேரம் பேசி அவர் வயிற்றில் அடிக்காதீர்கள்.

வயலுக்குள் இறங்குமுன் கேளுங்கள். வரப்பில் நடங்கள், பாத்தியை மிதிக்காதீர்கள். ஒருவரைப் படம் எடுக்குமுன் "எடுக்கலாமா அம்மா?" என்று கேளுங்கள். அவர் வேடிக்கைப் பொருள் அல்ல, வீட்டுக்காரர். செருப்பைக் கழற்றும் ஊரில் நாமும் கழற்றுவோம்.

பிளாஸ்டிக் பாட்டிலும் காகிதமும் உங்களோடு வந்தவை. உங்களோடே திரும்பட்டும். காரில் பாட்டுப் பெட்டியை அலற விடாதீர்கள். மது பாட்டிலோடு போகிறவர்கள், தயவு செய்து போகவே வேண்டாம்.

பிள்ளைகளை அழைத்துப் போங்கள். காரட் மண்ணுக்குள் விளைகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். எந்தப் புத்தகமும் சொல்லித்தராத பாடம் அது.

முன்னும் பின்னும் வடம்

பூம்பாறையில் ஆண்டுதோறும் தேர்த் திருவிழா நடக்கிறது. மற்ற ஊர்களில் தேருக்கு முன்னால்தான் வடம் கட்டுவார்கள். பூம்பாறைத் தெரு மேடும் பள்ளமும் ஆனது. தேர் சரிந்து ஓடிவிடக்கூடாது. ஆகையால், முன்னாலும் வடம், பின்னாலும் வடம்! ஒரு கூட்டம் இழுக்கும். இன்னொரு கூட்டம் பிடித்து நிறுத்தும். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் தேர் பத்திரமாக நிலைக்கு வரும்.

மலைக் கிராமங்களுக்கு இதைவிட நல்ல வழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் வரட்டும். அதற்கு ஒரு வடம். வயலும் ஓடையும் காடும் கை மாறிப் போகாமல் இருக்கட்டும். அதற்கு ஒரு வடம்.

முன் வடத்தைச் சர்க்கார் இழுக்கட்டும். பின் வடத்தில், போய் வருகிற நாமும் கை வைப்போம்.