'பட்டி' என்னும் ஈறும் மதுரை வட்டார ஊர்ப்பெயர் ஆய்வும்

உசிலம்பட்டி, வாடிப்பட்டி, கொட்டாம்பட்டி, அரிட்டாபட்டி என மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் 'பட்டி' என முடியும் ஊர்கள் மிகப் பல. ஊர்ப்பெயர் ஆய்வேடுகளுள் பல இவ்வீற்றுக்கு 'ஆடுமாடு அடைக்குமிடம். பின்னர்ச் சிற்றூர்' என ஒரே வரியில் பொருள் கூறி அமைகின்றன. அவ்வரி பிழையன்று, ஆயினும் போதுமானதன்று.

ஒரு குறுஞ்சொல் இனமொழிகளில் வேறுவேறு பொருள் பெறுவது உலகெங்கும் காணப்படுவதே. 'பீ' என ஒலிக்கும் ஓரசைச் சொல் ஸ்வீடிய மொழியில் சிற்றூரைக் குறிக்க, அதே சொல் டேனிய, நார்வேஜிய மொழிகளில் நகரத்தைக் குறிக்கிறது. 'குடியிருத்தல்' என்னும் வேர்ப்பொருளே இரண்டுக்கும் அடி. உருசிய மொழியில் வயிற்றைக் குறிக்கும் சொல் செர்பிய மொழியில் வாழ்வைக் குறிப்பதும் இவ்வகையினதே. 'பட்டி'யின் நிலையும் ஏறத்தாழ இதுவே. கன்னடத்தில் பகரம் ஹகரமாகத் திரிய, அது 'ஹட்டி' ஆயிற்று. தொழுவத்தையும் சிற்றூரையும் ஒருங்கே சுட்டுகிறது. சித்திரதுர்க்கப் பகுதியில் ஆயர் குடியிருப்புகள் 'கொல்லரஹட்டி' எனப்படும். நீலகிரிப் படுகர் தம் ஊரை 'ஹட்டி' என்பர். ஈழத்திலும் கொங்கிலும் மாட்டுப் பொங்கல் 'பட்டிப் பொங்கல்' ஆகும். மலையாளத்திலோ 'பட்டி' என்றால் நாய். மதுரைப் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கும் மலையாளி சற்றே நகைப்பதில் வியப்பில்லை.

மதுரை வட்டாரத்தில் அறுவடைக்குப்பின் வயலில் உரத்திற்காக ஆடுகளை அடைப்பதைப் பெரிதும் 'கிடை போடுதல்' என்றே வழங்குவர். கிடை இடம்பெயர்வது, கீதாரி ஓட்டிய வழியெல்லாம் அமைவது. பட்டி நிலைத்த அடைப்பு. ஊராக மாறும் தகுதி நிலைத்த அடைப்புக்கே உண்டு என்பதால், பெயர்கள் 'கிடை'யில் முடியாது 'பட்டி'யில் முடிவதற்கு விளக்கம் கிடைக்கிறது. வாடிப்பட்டியின் முன்னுறுப்பாகிய 'வாடி'யும், வாடிவாசலில் போல, அடைப்பையே குறிக்கிறது எனக் கொள்ள இடமுண்டு. அவ்வாறாயின் ஒரு பொருட்கு இருசொல் ஒட்டிய பெயர் அது.

ஆயினும் கல்வெட்டுகள் வேறொரு பொருளையும் தருகின்றன. ஏரியைப் பேணுவதற்கு ஒதுக்கிய நிலம் 'ஏரிப்பட்டி'. பூசலில் பட்டவன் குடும்பத்துக்கு அளித்த நிலம் 'நெய்த்தோர்பட்டி', 'உதிரப்பட்டி'. இவற்றில் ஆடும் இல்லை, மாடும் இல்லை. பட்டி என்பது ஒரு கடமைக்காகவோ ஈகத்துக்காகவோ விடப்பட்ட நிலமாகும். மதுரை வட்டாரத்தில் ஆட்பெயரோ குலப்பெயரோ முன்வரும் பட்டிகள் பல. அவையனைத்தையும் தொழுவத்தின் வழிவந்தவையாகக் கொள்வது எளிது; ஆனால் அவற்றுட் சில நாயக்கர் காலத்திலோ அதற்கு முன்போ கொடையாகப் பெற்ற நிலங்களாக இருக்கலாம் என்னும் வாய்ப்பை அது அடைத்துவிடுகிறது.

ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' ஊர்ப்பெயர்களைத் திணை வழியே நோக்கும் நெறியைக் காட்டிற்று. அந்நெறி இன்றும் பயன்படுவதே. ஆனால் திணையே மாறிய ஊர்களை என் செய்வது? 1895இல் பெரியாறு அணை நீர் வைகைப் படுகைக்கு வந்தபின், மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து மேட்டு நிலங்கள் பல நெல்வயலாயின. மேய்ச்சல் மறைந்தது, பெயர் மட்டும் நின்றது. இன்றைய நிலத்தோற்றத்தை வைத்துப் பெயரை விளக்க முற்படுவோர் இங்கே வழுக்குவர்.

'பட்டிக்காடு' இகழ்ச்சிச் சொல்லானபின், நகரம் பரவும் இடங்களில் புதிய மனைப்பிரிவுகள் 'நகர்' என்றே பெயர் சூடுகின்றன. பழம்பெயர் முதலில் முகவரியிலிருந்து விலகுகிறது. பேச்சிலிருந்து விலகுவதற்கு ஒரு தலைமுறை போதும். ஆகவே பட்டிகளின் தொகுப்புப் பணி பொருள் கூறுவதற்கு முன்னரே நிகழ வேண்டும். ஒவ்வோர் ஊரின் கண்மாய், பாறை, கோயில் நிலம், வருவாய்த்துறைப் பழம்பதிவு, அருகிலுள்ள கல்வெட்டு, முதியோர் பெயரை ஒலிக்கும் முறை ஆகியவை ஊர்வாரியாகப் பதிவாதல் வேண்டும். ஈற்றை மட்டும் எண்ணிப் பட்டியலிடும் ஆய்வேட்டைவிட, இருபது பட்டிகளை இவ்வாறு நடந்து ஆராயும் ஆய்வேடு மிகுந்த பயன் தரும்.